செபியாவில் வெள்ளை மஞ்சளாகுது: குறை ஃபிக்ஸரிலா வாஷிலா? எந்த டெஸ்டை நம்பலாம்?

சுசீந்திரம்_டிரே:

எல்லாருக்கும் வணக்கம். ஃபைபர் பேப்பரில் (பிளாஸ்டிக் பூச்சு இல்லாத போட்டோ பேப்பர்) செபியா, அதாவது பழுப்பு நிற டோனிங், போடும்போது மூணு கோளாறு ஒண்ணா வருது. விவரம் முழுசா தாறேன், பார்த்துச் சொல்லுங்க.

பேப்பர் 8×10 கிளாஸி ஃபைபர். ஃபிக்ஸர் (படமாகாத வெள்ளி உப்பைக் கரைச்சு எடுக்கும் கரைசல்) ரேப்பிட் வகை, அதாவது அமோனியம் தயோசல்ஃபேட். 1+4 கலவை (ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணி), ஒரே டிரே, ஒரு லிட்டர். ஒரு ராத்திரியில் 24, 25 பிரிண்ட் அந்த ஒரு லிட்டரிலேயே போகும். பிரிண்டுக்கு ஒரு நிமிஷம். அப்புறம் போர் தண்ணியை டிரேயில் ஓடவிட்டு 40 நிமிஷம் வாஷ். ரூம் 30 டிகிரி, தண்ணியும் ஏறக்குறைய அதே சூடு.

மறுநாள் டோனிங்: முதலில் பிளீச்சில் படத்தை வெளுத்து, அப்புறம் சல்ஃபைடில் பழுப்பாக்குறது. பிளீச்சுக்கு லிட்டருக்குப் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு 10 கிராம், பொட்டாசியம் புரோமைடு 10 கிராம். டோனர் சோடியம் சல்ஃபைடு, லிட்டருக்கு 10 கிராம்.

கோளாறு ஒண்ணு: சல்ஃபைடில் போட்டதும் பார்டரிலும் வெளிச்சப் பகுதியிலும் மஞ்சள் ஏறுது. ராத்திரி முதலில் போட்ட பிரிண்டுகளில் இல்லை, கடைசிப் பிரிண்டுகளில்தான். ரெண்டு: முட்டம் கடற்கரைப் படம் ஒண்ணில் மேகத்தில் இருந்த மெல்லிய டோன் பிளீச்சில் போனது போனதுதான், சல்ஃபைடில் திரும்பி வரவே இல்லை. மூணு: பிளீச்சில் கிடக்கும்போதே குண்டூசி முனை அளவுக்கு நீலப் புள்ளிகள்.

வாஷ் ஆச்சா என்று காட்டும் சில்வர் நைட்ரேட் டெஸ்டும் போட்டுப் பார்த்தேன். கரைசலைக் கலக்கும்போதே பால் மாதிரி வெளுத்துப் போச்சு. அதைத் துளி வைத்தால் எல்லாப் பிரிண்டிலும் ஊதா கலந்த பழுப்புக் கறை. அப்போ வாஷ் போதலைன்னு அர்த்தமா? ரெண்டு மணி நேரம் ஓடவிட்டால் சரியாகுமா?


வில்லுக்குறி_ஹைப்போ:

ரெண்டு மணி நேரம் இல்லை தம்பி, ரெண்டு நாள் ஓடவிட்டாலும் அந்த மஞ்சள் போகாது. ஃபிக்ஸ் ஆச்சா என்பது ஒரு கேள்வி. வாஷ் ஆச்சா என்பது வேறு கேள்வி. ஒண்ணுக்கு உள்ள டெஸ்ட் மற்றதுக்குப் பதில் சொல்லாது. நீங்க வாஷுக்கான டெஸ்டைப் போட்டுவிட்டு ஃபிக்ஸரின் குற்றத்தைத் தேடுறீங்க.

மஞ்சளை முதலில் எடுப்போம். ஃபிக்ஸரில் வெள்ளி ஏற ஏற, பேப்பருக்குள் உருவாகும் வெள்ளி-தயோசல்ஃபேட் கூட்டுப்பொருள் சரியாகக் கரையாத வகையாக மாறும். தண்ணியில் அது வெளியே வராது. கண்ணுக்கும் தெரியாது, வெள்ளை வெள்ளையாகத்தான் இருக்கும். சல்ஃபைடு பட்டதும் அது சில்வர் சல்ஃபைடு ஆகி மஞ்சளாகத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். முதல் பிரிண்டுகளில் இல்லாமல் கடைசியில் மட்டும் வருவதே இதுக்குச் சாட்சி. ஃபைபர் பேப்பருக்கு 1+4 ரேப்பிட் ஃபிக்ஸரில் லிட்டருக்கு 8×10 பிரிண்ட் 40 என்று இல்ஃபோர்டு கம்பெனி சொல்லும் கணக்கு சாதாரண உபயோகத்துக்கு. நீண்டகாலம் நிற்கணும் என்றால் ஃபிக்ஸரில் வெள்ளி லிட்டருக்கு 0.5 கிராமைத் தாண்டக் கூடாது, அதுக்கு அவங்களே சொல்லும் கணக்கு லிட்டருக்கு 10 பிரிண்ட். டோனிங் போடுறவங்க இந்தப் பத்தைத்தான் பிடிச்சுக்கணும். நீங்க 25 போட்டிருக்கீங்க.

மேகம் காணாமல் போனது ஹைப்போ, அதாவது பேப்பரில் தங்கின ஃபிக்ஸர் தயோசல்ஃபேட், செய்த வேலை. பேப்பரில் தயோசல்ஃபேட் மிச்சம் இருக்கும்போது ஃபெர்ரிசயனைடு பட்டால், அது பிளீச் இல்லை, ரெட்யூசர், அதாவது படத்தின் வெள்ளியையே குறைக்கும் கரைசல். ஃபார்மர் ரெட்யூசர் என்று நெகட்டிவ் குறைக்கப் போடுறது இந்த ரெண்டும் சேர்ந்த கலவைதானே. வெளுத்த வெள்ளியை ஹைப்போ அங்கேயே கரைச்சுக் கொண்டுபோயிடும். அப்புறம் சல்ஃபைடுக்கு நிறம் ஏற்ற அங்கே ஒண்ணும் இருக்காது. மெல்லிய டோன்தான் முதலில் போகும்.

ஆக, மஞ்சள் ஏறினால் வெள்ளி மிச்சம், டோன் தொலைந்தால் ஹைப்போ மிச்சம். உங்களுக்கு ரெண்டும் இருக்கு.

வெள்ளி மிச்சம் பார்க்க கோடாக்கின் எஸ்டி-1 டெஸ்ட். தண்ணீர் சேர்க்காத சோடியம் சல்ஃபைடு 2 கிராமை 100 மி.லி. தண்ணியில் கரைச்சால் ஸ்டாக். உபயோகிக்கும்போது ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணி. நம்ம பக்கம் கிடைக்கிறது பெரும்பாலும் 60 சதவீதத் தகடு, மஞ்சள் சிவப்பாக இருக்கும். அதில் என்றால் 3.3 கிராம். நீர் சேர்ந்த வெள்ளைப் படிகம் என்றால் 6 கிராம் பக்கம். கலந்த கரைசல் ஒரு வாரம்தான் தாங்கும்.

வாஷ் முடிஞ்ச பிரிண்டின் வெள்ளை பார்டரில் தண்ணியை நல்லா ஒத்தி எடுத்துட்டு ஒரு துளி வைங்க. 3 நிமிஷம். மை ஒற்றும் தாளால் ஒத்தி எடுத்துப் பாருங்க. ஒண்ணும் தெரியாவிட்டாலோ, பாலாடை நிறத்துக்கு மேல் போகாவிட்டாலோ பாஸ். மஞ்சள் என்றால் ஃபிக்ஸ் போதலை. டோனிங்குக்கு முன்னால்தான் இந்த டெஸ்ட். சல்ஃபைடு டோனிங் ஆன பிரிண்டில் போட்டுப் பிரயோசனம் இல்லை. அதுக்கு ரேப்பிட் செலினியம் டோனரை 1+9 ஆகக் கலந்து ஒரு துளி 2, 3 நிமிஷம் வைக்கணும்.

ஒரு எச்சரிக்கை. சல்ஃபைடு பழசானால் காற்றுபட்டு வேறொண்ணாக மாறிடும், அப்புறம் எதில் வைத்தாலும் கறை விழாது. எல்லாம் பாஸ் என்று ஏமாந்துபோவீங்க. ஒவ்வொரு தடவையும் ஃபிக்ஸே பண்ணாத பேப்பர் துண்டு ஒண்ணில் முதலில் துளி வைத்துப் பாருங்க. உடனே அடர் பழுப்பாகணும். ஆகலைன்னா புட்டியைக் கொட்டிடுங்க.


குலசேகரம்_ஷீட்:

வில்லுக்குறி அண்ணன் சொன்னதோடு சேர்த்து உங்க சில்வர் நைட்ரேட் கதையைப் பார்ப்போம். பாலாகிப் போச்சு என்றீங்களே, அது ஹைப்போ இல்லை, உப்பு. போர் வெள்ளத்தில், அதாவது போர் தண்ணியில், குளோரைடு இருக்கு, அது சில்வர் நைட்ரேட்டைப் பிடிச்சு சில்வர் குளோரைடாக்கி வெள்ளையாய்க் கீழே தள்ளிடுச்சு. பேப்பரிலும் அதே வெள்ளம் ஊறிக் கிடக்கு. துளி வைத்ததும் குளோரைடு உண்டாகி, லைட் பட்டதும் ஊதாவாகுது. நீங்க பார்த்தது ஹைப்போ கறையும் வெளிச்சக் கறையும் கலந்த ஒண்ணு, அதில் இருந்து எதையும் சொல்ல முடியாது. கடலோரப் பக்கம் இந்த டெஸ்ட் போடுற எல்லாரும் ஒரு தடவையாவது விழும் குழி இது.

அந்த சில்வர் நைட்ரேட் டெஸ்டுக்கான கோடாக் எச்டி-2 கலவை, 100 மி.லி. அளவுக்கு: டிஸ்டில்டு வாட்டர் 75 மி.லி., கிளேசியல் அசிட்டிக் ஆசிட் 3.5 மி.லி., சில்வர் நைட்ரேட் 0.75 கிராம், கரைஞ்சதும் டிஸ்டில்டு வாட்டர் விட்டு 100 ஆக்கணும். பிரௌன் புட்டி, இருட்டு அலமாரி. டிஸ்டில்டு வாட்டர் என்று இன்வெர்ட்டர் பேட்டரிக்கு விடுறதை வாங்கினால், முதலில் அதில் கொஞ்சம் எடுத்து சில்வர் நைட்ரேட் படிகம் ஒண்ணு போட்டுப் பாருங்க. கண்ணாடி மாதிரி தெளிவாக நின்றால் சரி. லேசாக வெளுத்தாலும் வேண்டாம்.

பிரிண்டைக் கடைசியாக டிஸ்டில்டு வாட்டரில் ரெண்டு தடவை முக்கி எடுத்து, பார்டரை ஒத்திவிட்டு, ட்யூப் லைட்டை அணைச்சு மங்கல் வெளிச்சத்தில் துளி வைங்க. 2 நிமிஷம். ஒத்தி எடுத்து, கல்லுப்பு கரைச்ச வெள்ளத்தில் கழுவிட்டு உடனே பாருங்க. உப்பு கழுவாமல் விட்டால் மிச்ச சில்வர் நைட்ரேட்டே கொஞ்ச நேரத்தில் கறுத்து உங்களைக் குழப்பும். நிறக் கணக்கு இப்படி வச்சுக்கலாம்: வெள்ளை அல்லது தெரிஞ்சும் தெரியாத பழுப்பு என்றால் நல்லது. பால்சாயா நிறம் என்றால் இன்னும் கழுவணும். கட்டன் சாயா (பால் விடாத டீ) என்றால் கழுவவே இல்லை.

குளோரைடு ஏமாற்றுதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி: வாட்டர்கலர் வரையும் கெட்டித் தாளில் ஒரு துண்டு வெட்டி, உங்க போர் வெள்ளத்தில் பிரிண்டோடு சேர்த்து ஊறப் போடுங்க. ஃபிக்ஸரையே பார்க்காத தாள் அது. அதிலும் துளி வைங்க. அதில் கறை விழுந்தால் அது வெள்ளத்தின் கறை. எதிர்ப்பக்கத்துக்கு, ஒரு லிட்டர் வெள்ளத்தில் ஒரு மி.லி. ஃபிக்ஸர் விட்டு அதில் முக்கிய தாளில் ஒரு துளி. பழுப்பு விழணும். ரெண்டு ஓரமும் தெரிஞ்சால்தான் நடுவில் இருப்பதைப் படிக்க முடியும்.

ஆசிட் விஷயத்தில் நம்ம பகுதிக்கே உள்ள ஒரு அபாயம். குலசேகரம், மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் பால் உறைய விடும் ஆசிட் எளிதாகக் கிடைக்கும். அதில் நிறைய ஃபார்மிக் ஆசிட். "ஆசிட்தானே" என்று அதை எச்டி-2வில் விட்டுடாதீங்க. ஃபார்மிக் ஆசிட் சில்வர் நைட்ரேட்டைச் சும்மா விடாது, கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளியாகவே இறக்கும். புட்டிக்குள் சாம்பல் கசடு கட்டும், கறையும் பொய்யாகும். லேபிள் படிச்சு அசிட்டிக் என்று உறுதி பண்ணிட்டு வாங்குங்க.

அதே ரப்பர் கடையில் நமக்கு வேண்டிய நல்ல சரக்கும் ஒண்ணு உண்டு: சோடியம் சல்ஃபைட். தோட்டத்தில் பால் உறையாமல் இருக்கப் போடுறது. சல்ஃபைடு இல்லை, சல்ஃபைட். பெயரில் ஒரு எழுத்து, வேலையில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். லிட்டருக்கு 20 கிராம் போட்டால் ஹைப்போ கிளியரிங் பாத். ஃபிக்ஸர் முடிஞ்சு 5 நிமிஷம் வாஷ், இதில் 10 நிமிஷம் ஆட்டிக்கொண்டே, அப்புறம் கடைசி வாஷ். ஃபைபர் பேப்பருக்குள் ஒட்டிக்கொண்ட தயோசல்ஃபேட்டை இது வெளியே தள்ளும், வெறும் வெள்ளத்தில் ஒரு மணி நேரம் பிடிப்பது 20 நிமிஷத்தில் முடியும். திறந்த சாக்கில் கிடந்த சல்ஃபைட் காற்றுபட்டு சல்ஃபேட்டாகிப் போயிருக்கும், பார்வைக்கு ஒரே வெள்ளைப் பொடி. ஒரு சிட்டிகையை வெள்ளத்தில் கரைச்சு, காயத்துக்குப் போடும் அயோடின் ஒரு துளி விடுங்க. பழுப்பு நிறம் சட்டென்று மறைஞ்சால் சரக்கு உயிரோடு இருக்கு.


சுசீந்திரம்_டிரே:

ரெண்டு பேருக்கும் நன்றி அண்ணே. இது தெளிவாச்சு. மூணு கேள்வி பாக்கி. வெள்ளியைப் பார்க்கப் பொட்டாசியம் அயோடைடு டெஸ்ட் போதாதா? பழைய ஸ்டுடியோக்காரங்க சொல்லும் பெர்மாங்கனேட் டெஸ்ட் எப்படி? அப்புறம், கடல் பக்கத்திலேயே இருக்கு, கடல் தண்ணியில் வாஷ் பண்ணினால் சீக்கிரம் ஹைப்போ போகும் என்று கேள்விப்பட்டேன், உண்மையா?


மணவாளக்குறிச்சி_கருமணல்:

கடல் தண்ணி விஷயம் உண்மைதான் மக்கா. ரெண்டாம் உலகப் போர் காலத்தில் கப்பலில் நல்ல தண்ணிக்குத் தட்டுப்பாடு, அதனால் கடல் தண்ணியில் கழுவிப் பார்த்தாங்க. நல்ல தண்ணியைவிட வேகமாக ஹைப்போ இறங்குச்சு. லிட்டருக்கு 35 கிராம் பக்கம் உப்பு கரைஞ்சிருக்கு, அந்த உப்புகள் பேப்பரிலும் ஜெலட்டினிலும் ஒட்டின தயோசல்ஃபேட்டை இடம் பெயர்த்துத் தள்ளும். ஹைப்போ கிளியரிங் என்று இன்று விற்பதெல்லாம் அந்த யோசனையின் தொடர்ச்சிதான்.

ஆனால் கடைசி வாஷ் நல்ல தண்ணியில் இருந்தே ஆகணும். ஃபைபர் பேப்பர் என்றால் 15 நிமிஷமாவது, தண்ணியை நாலு தடவை மாற்றி. பிரிண்டில் உப்பு தங்கினால் ஈரத்தை இழுத்து வைக்கும், நம்ம ஊர் காற்றுக்கு அது வம்பை விலைக்கு வாங்குறது.

இன்னொண்ணு, எங்க கரையில் அள்ளும் தண்ணியில் கருமணல் வரும். இல்மனைட், கார்னெட் எல்லாம் அதில் உண்டு. நனைஞ்ச எமல்ஷன் (படம் இருக்கும் ஜெலட்டின் பூச்சு) மேல் அது உரசினால் கண்ணாடிக் காகிதம் தேய்த்த மாதிரிதான். ஒரு ராத்திரி பக்கெட்டில் தெளிய விட்டு, மேல் தண்ணியை மட்டும் நாலாக மடிச்ச வேட்டித் துணியில் வடிகட்டி எடுக்கணும். ஆடி மாசக் கடலில் அள்ளாதீங்க, தெளியவே தெளியாது.

30 டிகிரியில் வேலை பண்ணுறீங்க, எமல்ஷன் வீங்கி ஓரம் உரியலாம். ஃபிக்ஸரில் பூச்சை இறுக்கும் பொட்டாஷ் ஆலம் ஹார்டனர் சேர்த்துப் பாருங்க.


வில்லுக்குறி_ஹைப்போ:

கருமணல் அண்ணாச்சி, கடல் தண்ணி சரி, ஹார்டனரில் நான் ஒத்துக்க மாட்டேன். ஆலம் சேர்த்தால் ஜெலட்டின் இறுகி ஹைப்போவைப் பிடிச்சு வச்சுக்கும், வாஷ் நீளும். டோனிங்கும் மெதுவாகும், திட்டுத் திட்டாகவும் ஏறலாம். இப்போ வரும் பேப்பர்கள் ஆலையிலேயே ஓரளவு இறுக்கிக் கொடுத்ததுதான். ஆலத்துக்குப் பதில் சூட்டைக் குறைங்க. பெரிய டிரேயில் ஐஸ் தண்ணி, அதுக்குள் ஃபிக்ஸர் டிரே. 24, 25க்குக் கொண்டுவந்தால் போதும். எல்லா பாத்தும் வாஷும் ஒண்ணுக்கொண்ணு 3 டிகிரிக்கு மேல் வித்தியாசப்படாமல் பார்த்துக்கணும். குளிர்ந்த ஃபிக்ஸரில் இருந்து 31 டிகிரி போர் தண்ணிக்குத் தூக்கிப் போடுறதுதான் ஓரம் உரிய முக்கியக் காரணம்.

படிக ஹைப்போ வாங்கி நீங்களே கலக்குறீங்க என்றால் அதுவே ஒரு உதவி. ஹைப்போ கரையும்போது சூட்டை உறிஞ்சும். 250 கிராமை முக்கால் லிட்டரில் கொட்டிக் கலக்கினால் டிரே கைக்குச் சில்லென்று இருக்கும். அதில் சோடியம் சல்ஃபைட்டை முதலில் கரைக்கணும், பைசல்ஃபைட்டோ ஆசிட்டோ கடைசியில்தான். மாற்றிப் போட்டால் கந்தகம் பாலாகப் பிரிஞ்சு மொத்தமும் வீண். சூட்டிலும் இதேதான், ஆசிட் ஃபிக்ஸர் 30க்கு மேல் நாள்கணக்கில் கிடந்தால் தானே கந்தகம் பிரியும். கலங்கல் தெரிஞ்சால் வடிகட்டி உபயோகிக்கப் பார்க்காதீங்க, கொட்டிடுங்க.

அயோடைடு டெஸ்ட் பற்றி: ஃபிக்ஸர் 5 மி.லி. எடுத்து, பொட்டாசியம் அயோடைடு 5 சதவீதக் கரைசல் அஞ்சாறு துளி. கெட்டியாக மஞ்சள் வெள்ளைக் கசடு உடனே விழுந்தால் ஃபிக்ஸர் செத்துப்போச்சு. பக்கத்திலேயே புது ஃபிக்ஸரிலும் அதே அளவு விட்டு ஒப்பிடணும். இது பிலிம் ஃபிக்ஸருக்கு ஆகும், மோட்டாவான டெஸ்ட். பேப்பருக்கு நாம் பார்க்கும் 0.5 கிராம் எல்லை இதுக்குப் பிடிபடாது. ரேப்பிட் ஃபிக்ஸர் அந்தக் கசடையே கொஞ்சம் கரைச்சு விழுங்கிடும். பிலிமுக்கு இதைவிட எளிது, வெளிச்சத்தில் ஒரு துண்டு பிலிமைப் போட்டு எத்தனை வினாடியில் தெளியுது என்று எண்ணுறது. புதுசில் எண்ணினதுபோல் ரெண்டு மடங்கு ஆனால் மாற்று.


தோவாளை_28:

பெர்மாங்கனேட்டை நான் நம்புறதில்லை. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் காஸ்டிக் சோடாவும் கரைச்சு, அதில் ஒரு மி.லி.யைக் கால் லிட்டர் தண்ணியில் விட்டு, பிரிண்டில் இருந்து அரை நிமிஷம் சொட்ட விடுறது. ஊதா ஆரஞ்சாக மாறினால் ஹைப்போ இருக்கு. ஆனால் அது சொல்லுறது பிரிண்டில் இருந்து வடியும் தண்ணியைப் பற்றி மட்டும், பேப்பர் நாருக்குள் இருப்பதைப் பற்றி இல்லை. நம்ம கிணற்றுத் தண்ணியில் இலைச் சாறும் இரும்பும் இருந்தாலே நிறம் மாறும். பிலிமுக்கும் ஆர்.சி. பேப்பருக்கும் (பிளாஸ்டிக் பூசின பேப்பர்) அவசரத்துக்குப் பார்க்கலாம். அப்போதும் வெறும் குழாய்த் தண்ணியில் ஒரு தடவை சொட்ட விட்டு ஒப்பிடணும்.

நீலப் புள்ளிக்கு யாரும் பதில் சொல்லலையே. அது இரும்பு. துருத் துகள் ஃபெர்ரிசயனைடில் பட்டால் பிரஷ்யன் நீலம். செம்மண் பூமி, போர் தண்ணி, அதிலும் பழைய ஜி.ஐ. குழாய் என்றால் கேட்கவே வேண்டாம். வாஷ் தண்ணியில் வந்த துகள் பிரிண்டில் ஒட்டிக்கொண்டு பிளீச்சுக்குள் போகுது. குழாய் வாயில் 5 மைக்ரான் ஃபில்டர் மாட்டுங்க. இனாமல் டிரேயில் எங்கேயாவது பூச்சு தெறிச்சிருக்கான்னு விரலால் தடவிப் பாருங்க. துணி காயப்போடும் கிளிப்பின் ஸ்பிரிங்கும் இதே வேலையைப் பண்ணும். ஒரு வெள்ளை பீங்கான் கிண்ணத்தில் பிளீச் எடுத்து, குழாய் அடியில் படிஞ்ச வண்டலில் ஒரு சொட்டு விட்டால் நிமிஷத்தில் நீலம் தெரியும், சந்தேகம் தீரும்.

பிளீச்சுக்கும் சல்ஃபைடுக்கும் நடுவே எவ்வளவு நேரம் கழுவுறீங்க? அதை எழுதலை. ஃபெர்ரிசயனைடின் மஞ்சள் முழுக்கப் போற வரைக்கும் கழுவணும், ஃபைபருக்கு 10 நிமிஷத்துக்குக் குறையாமல். அந்த மஞ்சள் சல்ஃபைடுக்கு முன்னாலேயே தெரியும். வெள்ளி மஞ்சள் சல்ஃபைடில்தான் தோன்றும். ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது.

சல்ஃபைடு டிரேயை மொட்டை மாடிக்கோ, திண்ணைக்கோ கொண்டுபோங்க. அழுகின முட்டை நாற்றம் வருதே, அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, விஷம். ஆசிட் ஸ்டாப் பாத்தோ ஃபிக்ஸரோ ஒரு சொட்டு அதில் விழுந்தாலும் குபீரென்று கிளம்பும். டார்க் ரூமுக்குள் வைத்தால் பிரிக்காத பேப்பர் பெட்டிக்குள்ளும் ஏறி ஃபாக் ஆக்கும், அதாவது வெளிச்சம் படாத பேப்பரையும் கறுக்க வைக்கும். ஃபெர்ரிசயனைடிலும் கடும் ஆசிட் எதையும் விடாதீங்க.

ஃபிக்ஸ் நேரத்தை யாரோ எழுதினதை நம்பாமல் உங்க பேப்பருக்கு, உங்க சூட்டுக்கு நீங்களே கண்டுபிடிக்கலாம். சாதா வெளிச்சத்திலேயே பண்ணலாம். உபயோகிக்காத பேப்பரில் எட்டு துண்டு வெட்டி, முதுகில் பென்சிலால் 5, 10, 15, 20, 30, 45, 60 என்று எழுதி, ஒண்ணை ஃபிக்ஸரே இல்லாமல் வைங்க. எல்லாத்தையும் 3 நிமிஷம் தண்ணியில் ஊறப்போடுங்க. உலர்ந்த துண்டு ஃபிக்ஸரை மெதுவாகக் குடிக்கும், கணக்கு தப்பும். அந்தந்த வினாடி ஃபிக்ஸரில் ஆட்டி எடுத்து, உடனே ஓடும் தண்ணியில் போட்டு, 10 நிமிஷம் கழுவி, வெளிச்சத்திலேயே டெவலப்பரில் 2 நிமிஷம். ஃபிக்ஸ் ஆகாதது கறுக்கும், அரைகுறை சாம்பலாகும். 60 வினாடித் துண்டைப் பக்கத்தில் வச்சுப் பார்த்து, எந்தத் துண்டில் இருந்து வித்தியாசமே தெரியலையோ அந்த நேரத்தை ரெண்டால் பெருக்குங்க. அதுதான் உங்க ஃபிக்ஸ் நேரம். கூடுதல் பத்திரம் என்று 5 நிமிஷம் ரேப்பிட் ஃபிக்ஸரில் ஊறப்போட்டால் மெல்லிய டோனும் தேயும், பேப்பர் நாருக்குள் ஹைப்போ இறங்கி வாஷும் ரெண்டு பங்காகும்.


சுசீந்திரம்_டிரே:

சொன்னபடி டெஸ்ட் போட்டுட்டேன். முதலில் பழைய முறையிலேயே, ஒரு லிட்டர், ஒரே பாத். எஸ்டி-1: 1, 4, 8ஆம் பிரிண்ட் சுத்தம். 14இல் பாலாடையைத் தாண்டி லேசான மஞ்சள். 22இல் நல்ல வைக்கோல் நிறம். ஃபிக்ஸ் ஆகாத துண்டில் உடனே அடர் பழுப்பு, அதனால் கரைசல் சரிதான்.

எச்டி-2, டிஸ்டில்டு வாட்டரில் முக்கின பிறகு: 40 நிமிஷ போர் வாஷ் மட்டும் போட்டதில் தெளிவான பால்சாயா. சல்ஃபைட் 10 நிமிஷம் சேர்த்து அப்புறம் 20 நிமிஷம் வாஷ் போட்டதில் பார்த்தால் மட்டும் தெரியும் அளவு. வாட்டர்கலர் தாளில் டிஸ்டில்டு முக்காமல் வைத்தால் ஊதா ஏறுது, முக்கினால் ஒண்ணும் இல்லை. ஷீட் அண்ணன் சொன்னது அப்படியே.

துண்டு டெஸ்டில் 20 வினாடிக்குப் பிறகு வித்தியாசம் தெரியலை, 25 டிகிரியில். பிளீச்சுக்கு அப்புறம் 3 நிமிஷம்தான் கழுவிட்டிருந்தேன், அதையும் மாற்றணும்.

இனி ஃபிக்ஸரை எப்படி வச்சுக்கலாம்? இன்னும் டோன் பண்ணாத பழைய பிரிண்ட் அறுபது கிடக்கு, அதைக் காப்பாற்ற முடியுமா? மஞ்சள் ஏறினதை வெளுக்க வழி உண்டா?


வில்லுக்குறி_ஹைப்போ:

உங்க எல்லை எட்டுக்கும் பதினாலுக்கும் நடுவில் இருக்கு, கணக்கோடு ஒத்துப்போகுது. நல்ல வேலை பண்ணியிருக்கீங்க.

இனி ரெண்டு பாத். ஒவ்வொண்ணிலும் ஒரு லிட்டர் 1+4. உங்க துண்டு டெஸ்ட் 40 வினாடி சொல்லுது, ஒவ்வொரு பாத்திலும் 30 வினாடி வச்சுக்குங்க. நடுவில் ஒரு மூலையைப் பிடிச்சு 10 வினாடி வடிய விடணும். வெள்ளியின் பெரும் பாரத்தை முதல் பாத் சுமக்கும், ரெண்டாவது சுத்தமாகவே நிற்கும். முதல் பாத்தில் 8×10 பிரிண்ட் 40 ஆனதும் அதை எடுத்துட்டு, ரெண்டாவதை முதலாவது இடத்துக்கு நகர்த்தி, ரெண்டாவதுக்குப் புதுசு. இப்படி அஞ்சு சுற்று. அப்புறம் ரெண்டையும் புதுசாக்குங்க. பிரிண்ட் எண்ணிக்கையை டிரே மேல் சுவரில் பென்சிலால் கோடு போட்டு எண்ணுங்க, மனசில் எண்ணினது இருட்டில் தப்பும். சுற்றின் கடைசிப் பிரிண்டில் மட்டும் எஸ்டி-1 போட்டால் போதும், அது பாஸ் என்றால் முன்னால் போனதெல்லாம் பாஸ்.

பழைய அறுபது: 10 நிமிஷம் தண்ணியில் ஊறப்போட்டு, புது ரெண்டு பாத்தில் அதே 30, 30 வினாடி. வாஷ் 5, சல்ஃபைட் 10, வாஷ் 20. பத்துக்கு ஒண்ணு வீதம் எஸ்டி-1. எப்போதோ காய்ஞ்சு கிடந்ததில் சிலது முழுக்க இறங்காமல் போகலாம், அதை டோன் பண்ணாமல் தனியாக வைங்க. மஞ்சள் ஏறினதுக்கு வழி இல்லை. கறையும் சில்வர் சல்ஃபைடு, படமும் சில்வர் சல்ஃபைடு. ஒண்ணைக் கரைக்கிற எதுவும் மற்றதையும் கரைக்கும். நெகட்டிவ் இருக்குதானே, மறுபடி பிரிண்ட் போடுங்க.


குலசேகரம்_ஷீட்:

கடல் வெள்ளத்தில் வாஷ் போட்டுப் பார்க்கப் போறீங்க என்றால் ஒண்ணு மறந்துடாதீங்க. அதுக்கு அப்புறம் எச்டி-2 போடுறதுக்கு டிஸ்டில்டு வாட்டரில் ரெண்டு முக்கு போதாது. அஞ்சு நிமிஷம் வீதம் மூணு மாற்று. இல்லைன்னா குளோரைடுதான் பதில் சொல்லும். மழை வெள்ளத்தை மொட்டை மாடியில் பிடிச்சு வைக்கலாம், நமக்குத்தான் வருஷத்தில் ரெண்டு பருவமும் மழை உண்டே. முதல் கால் மணி நேர மழையை விட்டுட்டுப் பிடிங்க, தூசியும் கடல் உப்பும் அதில்தான் இறங்கும். கடைசி வாஷுக்கு அது போர் வெள்ளத்தைவிட எவ்வளவோ மேல்.


சுசீந்திரம்_டிரே:

சரி அண்ணே. தீர்ந்த ஃபிக்ஸரை என்ன பண்ண? வீட்டுக்குப் பின்னாலேயே குளம், அதில் போய்ச் சேரும் ஓடையில் விட மனசில்லை.


தோவாளை_28:

விடக் கூடாது. வெள்ளி குளத்து உயிர்களுக்கு ஆகாது. மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் சேர்த்து வைங்க. பாத்திரம் துலக்கும் ஸ்டீல் வுல்லை, ஸ்டெயின்லெஸ் இல்லாத சாதா இரும்பு வகையைப் பார்த்து வாங்கி, சோப்பு இல்லாமல் உதிர்த்துப் போடுங்க. ஃபிக்ஸர் லேசான ஆசிடாக இருக்கும்போதுதான் இது நல்லா வேலை செய்யும். இரும்பு கரைஞ்சு வெள்ளி கறுப்புச் சேறாக அடியில் இறங்கும். ரெண்டு நாள் கழிச்சு மேல் தண்ணியில் ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் வைத்து, அதன் மேல் எஸ்டி-1 சல்ஃபைடு ஒரு சொட்டு விட்டுப் பாருங்க. வாளியில் விடாதீங்க, தாளில் மட்டும். கரைஞ்ச இரும்பும் கறுக்கும் என்பதால் அதை வைத்து மட்டும் முடிவு சொல்ல முடியாது. ஸ்டீல் வுல் இன்னும் பளபளப்பாக மிச்சம் நிற்குதா என்றும் பாருங்க. பளபளப்பு இல்லைன்னா இன்னொரு பிடி போடணும். சேற்றைக் காயவச்சு, வெள்ளி சுத்தம் பண்ணுறவங்களிடம் கொடுக்கலாம்.

அந்த வாளியையும் ஸ்டீல் வுல்லையும் டோனிங் பண்ணும் பக்கம் கொண்டுவராதீங்க. உதிர்க்கும்போது பறக்கும் இரும்புத் தூள் ஒண்ணு பிளீச் டிரேயில் விழுந்தால் போதும், மறுபடி நீலப் புள்ளி.